முதுகில் ஐந்து விரல்

1

ஊருக்கு நான் எழுதும் இந்தக் குறிப்புகளில் இதுவரை என்னை நல்லவளாகத்தான் காட்டியிருக்கிறேன். பாஷை தெரியாமல் முழித்தது, மழை வெள்ளத்தில் செருப்பைத் தொலைத்தது என்று, சிரிக்கத் தோதான அசட்டுத்தனங்களை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதுவேன். இது அப்படிப்பட்டது இல்லை. இதிலும் சிரிக்கும் இடங்கள் வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன சனிக்கிழமை புக்கிட் பெருவாங்கில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் நடனப் பள்ளியில் மகளுக்காகக் காத்திருந்தேன். புதிதாக ஒரு தமிழ் அம்மா தன் சின்னப் பெண்ணைச் சேர்க்க வந்திருந்தார். அவர் கைப்பையில் பவுடர் டப்பா எட்டிப் பார்த்தது. ஆசிரியை மிஸ் லிம்முக்கு அது கண்ணில் பட்டுவிட்டது.

"இந்தா பாரு, போட்டி அன்னிக்கு ஒடம்புல பவுடர் கிவுடர்னு ஒன்னும் போடக்கூடாது. அங்க நிக்கிறா பாரு யஷ்வினி, போன வருஷம் சிங்கப்பூர்ல இவளா வெள்ளவெள்ளயா பூசிக்கிட்டுப் போயி, ஜோடிப் பையன் சட்டையெல்லாம் நாசம். கேட்டுப் பாரு அவகிட்ட."

என் மகள் யஷ்வினி காலணியை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "ஆமா ஆன்ட்டி, பெரிய தப்பு பண்ணிட்டேன்லா. நீங்க பண்ணிடாதீங்க."

என்னை அவள் பார்க்கவில்லை. நான் தண்ணீர் போத்தலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பூசியது அவள் இல்லை. நான். ஒரு வருஷமாக அந்தப் பழி அவள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறேன். வாரத்தில் ஒரு தடவையாவது மிஸ் லிம்மிடம் உண்மையைச் சொல்லி அவள் பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பேன். மாடிப்படி ஏறுவதற்குள் அந்த நினைப்புக்கு மூச்சு வாங்கிவிடும்.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அறந்தாங்கிப் பக்கத்துப் பெண். கல்யாணம் ஆகி மலேசியாவில் இந்த மலாக்காவுக்கு வந்து பதினெட்டு வருஷம் முடிந்துவிட்டது. வீடு பாயா ரும்புட்டில். கணவர் குணசேகரன் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவருடைய அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் வீட்டு மனைகளாக மாறியபோது டவுனுக்கு வந்தார்கள்.

அந்தத் தோட்டத்து முகப்பில் மளிகைக் கடை வைத்திருந்த சீனரின் மகள்தான் மிஸ் லிம். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் தமிழர்கள், விளையாடக் கிடைத்த பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகள். அதனால் ஐம்பது வயதைத் தாண்டியும் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு. மரியாதை விகுதி மட்டும் கிடையாது, உலகத்தில் யாரானாலும் 'நீ'தான். என் கணவரை இன்றைக்கும் "டேய் குணா" என்று கூப்பிடுவார். தொழிற்சாலையில் நாற்பது பேரை அதட்டுகிற மனுஷன் "என்னாக்கா" என்று ஓடிப் போய் நிற்பார்.

யஷ்வினிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கணவர் டயர் மாற்றக் காரைக் கொண்டு போனார். மேலே இருந்து பாட்டு கேட்டதும் இவள் படியேறிவிட்டாள். டயர் மாற்றி முடிந்தது, இவள் இறங்கவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது.

லத்தீன் நடனம் என்றால் நம்மூரில் என்ன தெரியும்? எனக்கும் தெரியாது. சம்பா, ச்சா ச்சா, ரும்பா, பாசோ டோப்லே, ஜைவ் என்று ஐந்து ஆட்டம். ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆட வேண்டும். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள் தரையில் இறங்குவார்கள். நடுவர்கள் ஓரத்தில் நின்று, பையன்கள் முதுகில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பெண்களின் முதுகில் எண் இருக்காது. ஏனென்றால் அங்கே துணியே இருக்காது.

யஷ்வினியின் ஜோடி ஜூன் வெய், ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரின் மகன். வயசுப் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு ஆடுவது எனக்கு ஆறு மாதம் உறுத்தியது. அவன் அவளைப் பிடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு உறுத்தல் போனது. அரிசி மூட்டையை இறக்குகிறவன் முகம்தான் அவனுக்கு. "எல்போ, எல்போ" என்று இருவரும் சண்டை போட்டே ஆறு வருஷத்தை ஓட்டினார்கள். மாநிலப் போட்டிகளில் ஜெயித்தார்கள். போன வருஷம் சிங்கப்பூரில் பல நாட்டு ஜோடிகள் வரும் போட்டிக்கு இடம் கிடைத்தது. இருவருக்கும் பதினாறு வயது. போட்டி முடிந்ததும் ஜூன் வெய் படிக்கத் தைவான் போவதாக முடிவாகியிருந்தது. சேர்ந்து ஆடும் கடைசிப் பெரிய போட்டி என்று இரண்டு பேருக்கும் தெரியும். இறுதிச் சுற்றுக்கு ஆறு ஜோடிகள். "இந்த ரெண்டும் அந்த ஆறுல இருக்கும். எழுதி வச்சுக்கோ" என்று மிஸ் லிம் என்னிடம் சொன்னார்.

3

இங்கே ஒரு விஷயம் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும்.

நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். ஒவ்வொரு தடவை விசா புதுப்பிக்கும்போதும் கணவரோடு போய்க் கவுன்டர் முன்னால் நிற்க வேண்டும். கல்யாணப் பத்திரம், பிறப்புப் பத்திரம், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். வந்த ஏழாம் வருஷம், எத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று கவுன்டரில் இருந்த அதிகாரி அம்மாள் மலாயில் கேட்டார். கணவர் நகல் எடுக்கப் போயிருந்தார். நானே பதில் சொல்லிவிடுவோம் என்று வீராப்பாக, "சாயா சூடா காவின் தூஜு காலி" என்றேன். ஏழு வருஷம் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, எனக்கு ஏழு தடவை கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் இடுப்பு உயரத்தில் நின்றிருந்த யஷ்வினி கவுன்டர் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்து, சுத்தமான மலாயில் எனக்காகப் பதில் சொன்னாள்.

அன்றிலிருந்து கவுன்டர் என்று வந்தால் அவள்தான் பேசுவாள். பேங்க், கிளினிக், பள்ளி ஆபீஸ் எங்கே போனாலும் என்னைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு அவள் பதில் சொல்வாள். நான் ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவேன். 'என் பொண்ணு எவ்வளவு கெட்டிக்காரி' என்று ஊருக்கு எழுதியிருக்கிறேன். அது கெட்டிக்காரத்தனம் மட்டும் இல்லை, என் சோம்பேறித்தனமும்தான் என்று எழுதவில்லை.

4

அடுத்தது என் நிறம். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மல்லிகா அக்கா நல்ல சிவப்பு. அவளைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டுக்காரர்களே தட்டை மாற்றிவிட்டுப் போனார்கள். எனக்கு வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு லட்சணமா இருக்கு, நெறந்தான் கொஞ்சம் மட்டு" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். ஒருவர் இல்லை, வரிசையாக. பஜ்ஜி போடும்போதே எனக்குக் கோபம் வரும். யாருக்குச் சுடுகிறோம் இதை என்று.

குணசேகரன் குடும்பத்தோடு கோயில் சுற்றுலா வந்தவர். தூரத்து உறவில் யாரோ சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னை நேராகப் பார்த்து, "கார் ஓட்டத் தெரியுமா? கத்துக்குவீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. உள்ளே அம்மா சாமி படத்துக்கு முன்னால் அழுதுவிட்டார். வெளிநாட்டு மாப்பிள்ளை என்று ஊரே மெச்சியது. உள்ளூரில் விலை போகாததால்தான் நான் கடல் தாண்டினேன் என்பது எங்கள் வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே வந்த பிறகு நிறத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை. நான்தான் அதைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். யஷ்வினி பிறந்ததும் நர்ஸ் கையில் கொடுத்தபோது, நான் முதலில் பார்த்தது அவள் காது மடலை. காது நிறத்துக்குத்தான் பிள்ளை வரும் என்று எங்கள் பக்கம் பார்ப்பார்கள். பெற்றவுடன் காதைப் பார்த்தவள் நான்.

5

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அக்கா போனில் பேசினாள். யஷ்வினி சிங்கப்பூரில் ஆடப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் அத்தான் குஷியாகிவிட்டாராம், கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் வைக்கப் போகிறாராம். நம்மூரில் காதுகுத்துக்கே ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், இதற்கு வைக்காமல் இருப்பார்களா?

"செல்வி, ஒரு படம் அனுப்புடி. டிரஸ்ஸோட. ஆனா நல்லாக் கலரா விழுந்த படமாப் பாத்து அனுப்பு. போன தடவ அனுப்புனியே, அதுல புள்ள ரொம்ப மங்கலாத் தெரியுறா. பெருசா அடிக்கிறப்ப இன்னும் இருட்டாப் போயிரும்."

"சரிக்கா" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எத்தனையோ பதில்கள் இந்த ஒரு வருஷத்தில் எனக்குத் தோன்றிவிட்டன. அன்றைக்குத் தோன்றியது 'சரிக்கா' மட்டும்தான்.

அதே வாரத்தில்தான் பள்ளியில் அந்த வேடிக்கையைப் பார்த்தேன். லத்தீன் ஆட்டத்துக்குப் பெண்கள் உடம்பு முழுக்க ஒரு பழுப்பு லோஷன் பூசிக்கொள்வார்கள். வெளிறிய உடம்பு மேடை விளக்கில் சப்பென்று தெரியும், கருத்த உடம்பில்தான் தசை அசைவது தெரியும் என்பது இவர்கள் கணக்கு. சின்ன வயதுப் பிரிவுகளில் அதற்கு அனுமதி இல்லை. யஷ்வினியின் வயதுப் பிரிவில் உண்டு. சீனப் பெண் பிள்ளைகள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கையை விரித்தபடி வரிசையாக நிற்க, அம்மாமார்கள் ஸ்பாஞ்சால் பூசிப் பார்த்தார்கள். ஒரு சுற்று, காய்ந்ததும் இன்னொரு சுற்று. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் டார்க்கா" என்று பிள்ளைகள் கெஞ்சின. நான் பிறந்து வளர்ந்த ஊரில் எந்தப் பெண்ணும் எந்தக் காலத்திலும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

மிஸ் லிம் யஷ்வினியின் தோளைப் பிடித்து எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"இதோ பாரு, இதான் கலர். இவளுக்குக் கடவுளே பூசி அனுப்பிட்டான். செல்வி, ஒனக்கு வேல மிச்சம்."

எல்லோரும் கை தட்டினார்கள். யஷ்வினி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் மட்டும் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். என் பிள்ளையைக் கருப்பி என்று நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டிவிட்டார் என்று வீடு வரும்வரை மனதுக்குள் பொருமினேன். பாராட்டையும் ஏச்சையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத அளவுக்கு என் காது கெட்டுப் போயிருந்தது.

அடுத்த நாள் கடைக்குப் போய், அவள் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பான ஃபவுண்டேஷனும், உடம்புக்குப் போடும் வெள்ளை பவுடரும், ஒரு பெரிய ஸ்பாஞ்சும் வாங்கினேன். கைப்பையின் அடியில் வைத்துக்கொண்டேன்.

6

பள்ளியில் இருந்து ஐந்து ஜோடிகள், ஒரே பஸ். எல்லையில் எல்லோரும் மலேசியர் வரிசையில் மளமளவென்று போய்விட்டார்கள். நான் மட்டும் விசாத் தாளை வைத்துக்கொண்டு வெளிநாட்டவர் வரிசையில். எனக்காகப் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. நான் ஏறியதும் யஷ்வினி தன் பக்கத்து இருக்கையில் இருந்த உடுப்புப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், நான் உட்காருவதற்காக.

மறுநாள் காலை, உடை மாற்றும் அறை. எத்தனையோ நாட்டுப் பெண்கள், தலையில் கண்ணாடி போலப் படிய வாரிய கொண்டை, உடம்பெல்லாம் பழுப்பு. அந்த அறையில் இருந்த எல்லோருமே என் மகளின் நிறத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அதைப் பார்த்து ஒரு தாய்க்கு நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்: 'எல்லாரும் கருப்பா இருக்கும்போது நம்ம பிள்ளை மட்டும் வெளுப்பா இருந்தா பளிச்சுன்னு தெரியுமே.'

மற்ற அம்மாக்கள் அவரவர் பிள்ளைகளோடு மும்முரமாக இருந்தார்கள். யஷ்வினி சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, "டூ, த்ரீ, ஃபோர் அண்ட் ஒன்" என்று ச்சா ச்சாவுக்கு எண்ணிக்கொண்டிருந்தாள். அவளை மூலைக்கு நகர்த்தி, நான் பின்னால் நின்று ஸ்பாஞ்சை எடுத்தேன். முதுகு, தோள், கழுத்து, கைகள்.

"என்னாமா அது? ஜில்லுன்னு இருக்கு."

"வேர்வை பிடிக்காம இருக்கடா. நீ எண்ணு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை, எண்ணினாள். என்னை நம்பினாள். அதன் மேல் பவுடரையும் ஒற்றினேன். முகத்துக்கும் கொஞ்சம். பிறகு, இன்னும் எண்ணிக்கொண்டே இருந்தவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அடேயப்பா! புள்ள என்னமாக் கலர் ஏறிட்டா! இதத்தான்டி கேட்டேன்."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த நேரத்தில் ஆனந்தமாக இருந்தது.

7

சம்பாவில் ஒன்றும் தெரியவில்லை. ச்சா ச்சாவில் என் மகள் காலை எடுத்து வைத்த சுறுசுறுப்பைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த யாரோ விசில் அடித்தார்கள். மூன்றாவது ரும்பா. மெதுவான ஆட்டம், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து ஆடுவது. அதற்குள் வேர்த்துக் கொட்டியிருந்தது.

ஜூன் வெய் போட்டிருந்தது கருப்புச் சட்டை. யஷ்வினி அவன் மார்பில் முதுகைச் சாய்த்து எழுந்தபோது, அவன் நெஞ்சில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு. அவன் அவள் முதுகில் கை வைத்துச் சுழற்றிவிட்டபோது, அவள் முதுகில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. வெள்ளைப் பூச்சுக்கு நடுவே, பூச்சு போன இடத்தில், அவளுடைய சொந்த நிறத்தில் ஐந்து விரல். நான் உட்கார்ந்திருந்த ஏழாவது வரிசைக்கே தெரிந்தது. பாசோவில் திட்டுகள் கூடின. ஜைவில் அவன் சட்டைக் கை முழுக்கச் சுண்ணாம்பு. முன் வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யஷ்வினிக்குத் தன் முதுகு தெரியாது. அவன் சட்டை தெரிந்திருக்கும். அவள் சிரித்த முகம் மாறாமல் ஆடி முடித்தாள்.

அடுத்த சுற்றுக்குத் தேர்வானார்கள். இடையில் அரை மணி நேரம். நான் உடை மாற்றும் அறைக்கு ஓடியபோது மிஸ் லிம் ஈரத் தாளால் ஜூன் வெய்யின் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க மாவாகக் குழைந்து பரவியது. மாற்றுச் சட்டை கிடையாது. கோபம் வந்தால் மிஸ் லிம் தமிழை விட்டுவிடுவார். ஆங்கிலத்தில், அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"யார் இதைப் போட்டது?"

எல்லோரும் திரும்பினார்கள். மற்ற அம்மாக்கள், பழுப்புப் பிள்ளைகள், ஜூன் வெய். நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"நான்தான் மிஸ். சாரி மிஸ்."

கவுன்டரில் எனக்காகப் பேசும் அதே குரல். தெளிவாக, நிதானமாக. மிஸ் லிம் அவளைப் பார்த்தார். பிறகு "ஓகே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவளைத் திருப்பி நிறுத்தி, முதுகைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். ஸ்பாஞ்சு தெரியக் கூடாது என்று.

அந்தச் சுற்றில் அவர்களுக்கு ஏழாவது இடம். ஆறு ஜோடிகள் உள்ளே போனார்கள். பூச்சால்தான் போனதா என்று எவரும் சொல்லப் போவதில்லை, நடுவர்கள் காரணம் எழுதுவதும் இல்லை. ஜூன் வெய் யஷ்வினியின் தோளில் தட்டி, "எல்போ, உன் எல்போதான்" என்றான். அவள் அதற்குச் சிரித்தாள். பிறகு இருவரும் சுவர் ஓரம் உட்கார்ந்து இறுதிச் சுற்றை முழுதும் பார்த்தார்கள்.

8

வீட்டுக்கு வந்து குளியலறையில் வெகு நேரம் தேய்த்துக் குளித்தாள். வெளியே வந்து, துண்டால் தலையைத் துவட்டியபடி கேட்டாள்.

"பெரியம்மாவுக்குப் படம் அனுப்பினீங்களா?"

"அனுப்பினேன்."

"என்னா சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னா."

"எது?"

நான் அவள் உடுப்புப் பையைப் பிரித்துத் துணியை மடிக்க ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி, அழுது, சமாதானம் ஆகியிருப்பேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். அவள் எனக்கு அந்த வசதியைத் தரவில்லை.

கணவரிடம் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "ஏழாவது நல்ல இடம்தானே செல்வி" என்று அவர் தொழிற்சாலையில் எல்லோருக்கும் பலகாரம் வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு தலை வாரிவிட அவள் என்னைக் கூப்பிடுவதில்லை. முதுகு ஜிப்பைக்கூட யார் யாரையோ கூப்பிட்டுப் போட்டுக்கொள்கிறாள். என்னோடு பேச்சு நிற்கவில்லை. பசிக்குது, பெட்ரோல் போடணும், லேட் ஆகும் என்று தேவைக்குத் தமிழ் வரும். மற்றதெல்லாம் தோழிகளோடு ஆங்கிலத்தில். பிள்ளைகள் இந்த நாட்டில் இப்படித்தான் நம் கையை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று நாலு பேரோடு சேர்ந்து நானும் அலுத்துக்கொள்வேன். என் விஷயத்தில் நாட்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

9

அந்தப் புது அம்மா வந்துபோனதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் தன் வாயால், சிரித்துக்கொண்டு, "தப்பு பண்ணிட்டேன்" என்று யாரோ ஒருவரிடம் சொல்கிறாள். அவளைவிடச் சின்னப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இன்று சனிக்கிழமை. அவள் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாக நான் மட்டும் போனேன். மிஸ் லிம் தரையில் உட்கார்ந்து, நடனக் காலணியின் தோல் அடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், சிங்கப்பூர்ல பூசுனது யஷ்வினி இல்ல. நான்தான்."

பிரஷ் நிற்கவில்லை.

"தெரியும்."

"அவ சொன்னாளா?"

"அவ ஏன் சொல்றா? ஏ செல்வி, பூச்சு எங்க இருந்திச்சு? நடு முதுகுல. ஒன் கைய விட்டுப் பாரு, எட்டுதான்னு. அங்க நின்ன அத்தன அம்மாவுக்கும் தெரியும். ஜூன் வெய்க்குந் தெரியும். அவ சொல்லிட்டா, நாங்க சரின்னுட்டோம். ஒன்னைய அத்தன பேரு முன்னாடி நிக்க வைக்கக் கூடாதுன்னு புள்ள நெனச்சா. நாங்க எப்படி ஒடைக்கிறது?"

அப்படியானால் போன வாரம் ஏன் அந்த அம்மாவிடம் அவள் பெயரைச் சொன்னீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், நான் சொல்லியிருக்கலாம்.

ஒரு வருஷமாக நான் ஒளித்து வைத்ததாக நினைத்தது எல்லோர் கண் முன்னாலும் கிடந்திருக்கிறது. எனக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து திரை பிடித்திருக்கிறார்கள். ஒரு பதினாறு வயதுப் பிள்ளை முதலில் பிடித்தாள், மற்றவர்கள் அவளுக்காகப் பிடித்தார்கள். என் வெட்கம் எவ்வளவு என்று அந்த மாடிப்படியில் இறங்கும்போதுதான் தெரிந்தது. பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பு முடிந்து யஷ்வினி காரில் ஏறினாள். வண்டியை எடுக்காமலே சொன்னேன்.

"மிஸ்கிட்ட சொல்லிட்டேன். பூசுனது நான்தான்னு."

அவள் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெளியே டயர் கடையைப் பார்த்தாள். நன்றி சொல்வாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அவங்களுக்குத்தான் தெரியுமேமா. தெரிஞ்சவங்ககிட்ட சொல்றது ஈஸிலா. ஒங்க ஊருல சொல்லுங்க."

"ஊர்லயா?"

"அங்கதானே யாருக்கும் தெரியாது."

நான் காரை எடுத்தேன்.

அதனால்தான் வழக்கமாக எழுதும் குறிப்பை விட்டுவிட்டு இதை எழுதினேன். மல்லிகா அக்கா, கடைத்தெருவில் அத்தான் ஃப்ளெக்ஸ் வைத்தபோது அதன் முன்னால் நின்று பார்த்த நம் சனங்களே, அந்தப் படத்தில் இருந்தது அவள் நிறம் இல்லை. அவளுக்குத் தெரியாமல் நான் அவள் மேல் பூசியது. என் பிள்ளைக்குக் கலர் ஏறவும் இல்லை, ஏற வேண்டியதும் இல்லை. அவள் என் நிறம்.